அமில மழையும் மழைமானியில் சிக்காத மேகமும்

எண்பதுகளில் "அமில மழை வருது, காடெல்லாம் அழியப்போவுது"ன்னு உலகத்தையே பயமுறுத்தினார்கள். இப்போது போய்ப் பார்த்தால் காடு பச்சைப்பசேல் என்று நிற்கிறது. ஆகவே பருவநிலை மாற்றமும் அதே மாதிரி ஒரு புருடாதான். இந்த வாதத்தை நீங்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள். இதை மறுக்க வருகிறவர்களிடமும் ஒரு ரெடிமேட் பதில் உண்டு: "சட்டம் போட்டாங்க, புகையைக் குறைச்சாங்க, அதனாலதான் காடு பிழைச்சுது."

இரண்டாவது பதில் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது, அது சரி. ஆனால் இரண்டு கட்சி மேலும் எனக்கு ஒரே புகார்தான். "காடு" என்று ஒரு பொருள், "மழை" என்று ஒரு பொருள். இது அதைக் கொன்றதா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லு என்கிறார்கள். பழைய ஆய்வுகளைக் கொஞ்சம் தோண்டினால் கிடைக்கும் கதையே வேறு. அடி வாங்கியது ஒரு குறிப்பிட்ட மரம், ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேலே. அடித்ததில் பெரிய பங்கு மழையுடையதும் இல்லை, மூடுபனியுடையது. அந்த மூடுபனியும் மரத்தை நேராகக் கொல்லவில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு "காடு செத்துச்சா இல்லையா"ன்னு கேட்டால் எந்தப் பதில் சொன்னாலும் தப்பாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், வெர்மாண்ட் மாநிலத்தில் கேமல்ஸ் ஹம்ப் என்று ஒரு மலை. பெயருக்கு ஒட்டகத் திமில் என்று அர்த்தம். உயரம் 1,244 மீட்டர். அடிவாரத்தில் மேப்பிள், பீச் மாதிரி அகன்ற இலை மரங்கள். மேலே போகப் போக ரெட் ஸ்ப்ரூஸ், பால்சம் ஃபிர் என்று ஊசியிலை மரங்கள். வெர்மாண்ட் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர் ஹியூபர்ட் வோகல்மனும் அவருடைய மாணவர் தாமஸ் சிக்காமாவும் 1964 முதல் 1966 வரை இந்த மலையில் எந்த உயரத்தில் எந்த மரம் எத்தனை இருக்கிறது என்று எண்ணி வைத்தார்கள். மாசு பற்றிய எண்ணமே அப்போது இல்லை, வெறும் கணக்கெடுப்பு. 1979இல் அதே இடங்களில் மறுபடியும் எண்ணியபோது ரெட் ஸ்ப்ரூஸில் ஏறத்தாழப் பாதியைக் காணோம்.

இந்த மாதிரி "முன்னால் எவ்வளவு இருந்தது" என்று தெரிந்த இடங்கள் ரொம்பக் குறைவு. பெரும்பாலான காடுகளில் மரம் செத்துக் கிடப்பதைப் பார்த்த பிறகுதான் எண்ணவே தொடங்குவார்கள். கேமல்ஸ் ஹம்ப் பிரபலமானதற்கு இதுதான் காரணம்.

வோகல்மன் 1982இல் 'நேச்சுரல் ஹிஸ்டரி' இதழில் இதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே "பேரழிவு" என்ற வார்த்தை இருந்தது. எனக்கு அந்த வார்த்தை மேல் வருத்தம் உண்டு. ஒரு மலையில் ஒரு மரம் சரிந்ததற்கு வைத்த பெயர், பத்திரிகைகள் கைக்குப் போனதும் எல்லா மலைக்கும் எல்லா மரத்துக்கும் பொதுப் பெயராகிவிட்டது. அதே மனிதர் பல வருஷத்துக்கு முன் செய்த இன்னொரு வேலை இதைவிட முக்கியமானது என்பேன். அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

1968இல் வோகல்மன் குழு வெளியிட்ட சின்னக் கட்டுரை அது. மலை மேலே இரண்டு வகை மழைமானிகளை வைத்தார்கள். ஒன்று வழக்கமானது. இன்னொன்றின் வாய்க்கு மேலே கம்பி வலை பொருத்தியது. வலை போட்டதில் கணிசமாக அதிகத் தண்ணீர் சேர்ந்தது. மேகம் மலை மேல் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும்போது வலையில் துளி துளியாகப் படிந்து சொட்டுகிறது. திறந்த மழைமானிக்கு மேலிருந்து விழுவது மட்டும்தான் தெரியும். பக்கத்திலிருந்து வருவது அதைத் தொடாமலே போய்விடும். ஊசியிலை மரம் என்பது கோடிக்கணக்கான கம்பிகள் கொண்ட வலை. ஆக, மரத்துக்குக் கிடைப்பதை மழைமானி அளக்கவே இல்லை.

(கீழே நின்று பார்த்தால் மேகம், உள்ளே போய் நின்றால் மூடுபனி. தமிழில் இரண்டு பெயர், மரத்துக்கு ஒரே பொருள்.)

தண்ணீர் அளவு தப்பிப்போனால்கூடப் பரவாயில்லை. மழைத் தண்ணீரும் மேகத் தண்ணீரும் ஒன்றில்லை என்பதுதான் சிக்கல். மேகத்துளி 20 மைக்ரான், மழைத்துளி 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டத்தில் 100 மடங்கு, கன அளவில் 10 லட்சம் மடங்கு. ஒவ்வொரு மேகத்துளியும் காற்றில் மிதக்கும் ஏதோ ஒரு துகளைச் சுற்றித்தான் உருவாகிறது. நிலக்கரி எரித்த புகையிலிருந்து வந்த சல்ஃபேட், வண்டிப் புகையிலிருந்து வந்த நைட்ரேட் எல்லாம் அந்தக் குட்டித் துளிக்குள் கரைகிறது. துளி சின்னது, கரைக்கத் தண்ணீர் குறைவு, அதனால் அடர்த்தி அதிகம். சமையல் பாஷையில் சொன்னால் மழை ரசம், மேகம் புளிக்கரைசல்.

எண்பதுகளில் அந்தப் பகுதி மழையின் பி.எச். 4.2 சுமாருக்கு இருந்தது. மலை உச்சி மேகங்கள் 3.5 பக்கம், மோசமான நாட்களில் அதற்கும் கீழே. 0.7 வித்தியாசம்தானே என்று நினைக்க வேண்டாம். பி.எச். மடக்கை அளவு, 0.7 என்றால் அமிலம் ஐந்து மடங்கு. கலிஃபோர்னியாவில் இதைவிட மோசம். லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் பிடித்த மூடுபனியின் பி.எச். 2.2 முதல் 4.0 வரை என்று 1982இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு குழு எழுதியது. அதே வருஷம் டிசம்பரில் கொரோனா டெல் மார் கடற்கரையில் 1.69 வரை இறங்கியது. எலுமிச்சைச் சாறைவிடப் புளிப்பான பனி.

இன்னொன்றும் உண்டு. மேகம் கலைந்து வெயில் வந்ததும் இலையில் ஒட்டிய துளி ஆவியாகத் தொடங்கும். தண்ணீர் போகும், அமிலம் போகாது. கடைசிச் சில நிமிஷங்களில் இலை மேல் இருக்கும் கரைசல் எந்தக் கருவியும் பிடித்த தண்ணீரைவிடக் காட்டமாக இருக்கும். மழையில் இது அவ்வளவாக நடப்பதில்லை, பின்னால் வரும் மழையே கழுவிவிடும்.

இனி அமெரிக்க அரசாங்கத்தின் பெரிய ஆய்வுக்கு வருவோம். 1980இல் தேசிய அமிலப் பொழிவு மதிப்பீட்டுத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பத்து வருஷம், 50 கோடி டாலருக்கு மேல் செலவு. 1987இல் வந்த இடைக்கால அறிக்கையின் சுருக்கம் பாதிப்பைக் குறைத்துக் காட்டுகிறது என்று விஞ்ஞானிகளே சண்டைக்கு வந்தார்கள். இறுதியில் காடுகளைப் பற்றி வந்த முடிவு: பரவலான பாதிப்புக்கு ஆதாரம் இல்லை, உயரமான மலைகளில் உள்ள ரெட் ஸ்ப்ரூஸ் மட்டும் விதிவிலக்கு.

"புருடா" கட்சிக்காரர்கள் இன்றுவரை தூக்கிக் காட்டுவது இந்த வாக்கியத்தின் முதல் பாதியை. அது பொய்யில்லை. அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் மொத்தக் காட்டில் மலை உச்சி ஸ்ப்ரூஸ்-ஃபிர் காடு மிகச் சிறிய பங்கு. சராசரி எடுத்தால் அது எங்கே தெரியும்? ஊர் மொத்தத்துக்கும் சராசரிக் காய்ச்சல் 98.6 டிகிரி என்று சொல்லிவிட்டு, ஒரு தெருவில் எல்லாருக்கும் 103 என்பதை "விதிவிலக்கு"ன்னு எழுதின மாதிரி. மூடுபனி எங்கே அதிகம் உரசுகிறதோ அங்கேதான் பாதிப்பு இருந்தது. மலை மேக வேதியியல் திட்டம் என்று தனியாக ஒன்றை வைத்து, நியூயார்க்கின் ஒயிட்ஃபேஸ் மலையிலிருந்து வட கரோலினாவின் மிட்செல் மலை வரை மேகத் தண்ணீரைப் பிடித்து அளந்தார்கள். அந்த வேலையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அளவுகள் சராசரிக்குள் போய்க் கரைந்தபோது, எங்கே காரணம் இருக்கிறதோ அந்த இடமே "விதிவிலக்கு" என்ற பெட்டிக்குள் போய்விட்டது. விதிவிலக்கு என்பது விளக்கம் ஆகாது.

எனக்கு இதைவிடப் பெரிய குறையாகப் படுவது சோதனைகள் நடந்த விதம். நாற்றுகளைக் கூண்டுக்குள் வைத்து, வளரும் பருவத்தில் அமிலத் தூறல் அடித்து, இலையில் கருகல் வருகிறதா, வளர்ச்சி குறைகிறதா என்று பார்த்தார்கள். ரொம்பக் காட்டமான அமிலம் தெளித்தால்தான் கண்ணுக்குத் தெரிகிற காயம் வந்தது. சாதாரண மேகத்தின் அளவில் தெளித்தால் நாற்று பாட்டுக்கு வளர்ந்தது. "அப்ப பிரச்சினை இல்லை" என்று தோன்றும்தானே?

தெளித்தது சரி, பார்த்த மாதம் தப்பு. மலையில் மரங்கள் கோடையில் சாகவில்லை. ஒவ்வொரு முறையும் குளிர்காலக் கடைசியில்தான் அந்த வருஷத்து ஊசிகள் செம்பழுப்பாக மாறி, கோடைக்குள் உதிர்ந்தன. ஸ்காட்லாந்தில் எடின்பரோ பக்கத்தில் டேவிட் ஃபவுலர், நீல் கேப் குழுவினர் ரெட் ஸ்ப்ரூஸ் நாற்றுகளுக்குப் பல அளவு அமிலத் தூறல் கொடுத்து, குளிர் தொடங்கும் பருவத்தில் கிளைகளை வெட்டி உறைய வைத்துப் பார்த்தார்கள். 1989இல் வந்த முடிவு: அமிலம் கூடக் கூடக் குளிர் தாங்கும் சக்தி குறைகிறது, அதுவும் பல டிகிரி அளவுக்கு. வெளிப்பார்வைக்கு நாற்று நன்றாகத்தான் இருந்தது.

ஏன் இப்படி? இதற்கு விடை கொடுத்தவர்கள் வெர்மாண்டைச் சேர்ந்த டொனால்ட் டிஹேஸ், பால் ஷாபெர்க் குழு. 1999இல் 'பயோசயின்ஸ்' இதழில் எல்லாவற்றையும் சேர்த்து எழுதினார்கள். செல்லின் சவ்வை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பதில் கால்சியத்துக்குப் பங்கு உண்டு. வெளியே கடுங்குளிர் என்பதை உணர்ந்து செல் தன்னைத் தயார் செய்துகொள்வதற்கும் அதே கால்சியம்தான் சேதி கொண்டுபோகும் ஆள். அமிலத்தில் உள்ள ஹைட்ரஜன் அயனி அந்த இடத்தில் போய் உட்கார்ந்து கால்சியத்தைத் தள்ளிவிடுகிறது. அது இலையிலிருந்து கழுவப்பட்டுப் போகிறது. விளைவு, 3 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை குளிர் தாங்கும் சக்தி இழப்பு.

இங்கே ஒரு நுணுக்கம், எனக்கு மிகவும் பிடித்தது. ஊசி இலையைப் பொடி செய்து மொத்தக் கால்சியம் எவ்வளவு என்று அளந்தால் எந்தப் பற்றாக்குறையும் தெரியாது. காரணம், ஸ்ப்ரூஸ் ஊசியில் உள்ள கால்சியத்தில் பெரும்பகுதி ஆக்சலேட் படிகமாகச் செல்லுக்கு வெளியே சும்மா கிடக்கிறது. வேலை செய்கிற கால்சியம் சவ்வோடு ஒட்டிய துளியூண்டு. காட்டைச் சராசரி எடுத்தபோது மலை உச்சி மறைந்த மாதிரி, இலையைச் சராசரி எடுத்தபோது சவ்வு மறைந்துவிட்டது.

பக்கத்திலேயே நிற்கும் பால்சம் ஃபிர் மரத்துக்கு ஏன் இந்தக் கதி வரவில்லை? அதுவும் அதே மேகத்தில்தான் நனைகிறது. ஃபிர்ருக்குக் குளிர் தாங்குவதில் கையிருப்பு ஏராளம், பத்து டிகிரி போனாலும் கவலையில்லை. ரெட் ஸ்ப்ரூஸ் தை மாதச் சம்பளத்தைத் தை மாதமே செலவழிக்கிற குடும்பம் மாதிரி. நடுக்குளிரில் மைனஸ் 40 டிகிரி சுற்றுவட்டாரம்தான் அதன் எல்லை. அந்த மலைகளில் குளிர் அந்த எல்லையை அடிக்கடி எட்டிப் பார்க்கும். ஐந்து டிகிரியைப் பிடுங்கினால் போதும்.

ஆகச் செத்த மரத்தைப் பரிசோதித்தால் மரணக் காரணம் "குளிர்" என்றுதான் வரும். "குளிர்னால செத்த மரத்துக்கு ஃபேக்டரி மேல பழி போடறாங்க"ன்னு சொல்பவர் பொய் சொல்லவில்லை. முந்தின கோடையில் நடந்ததைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

2003இல் இது பெரிய அளவில் நடந்தது. வெர்மாண்டிலும் சுற்றியுள்ள மாநிலங்களிலுமாக 28 இடங்களில் ஆராய்ந்ததில், 90 சதவீத ரெட் ஸ்ப்ரூஸ் மரங்களில் குளிர்காயம். முந்தைய வருஷம் விட்ட புது ஊசிகளில் சராசரியாக 46 சதவீதம் போய்விட்டன. உயரம் கூடக் கூடப் பாதிப்பும் கூடியது. அந்த வருஷம் நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் ஆய்வுக் காட்டில் தற்செயலாக ஒரு பரிசோதனை தயாராக இருந்தது. இழந்த கால்சியத்தைத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க, 1999 அக்டோபரில் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் வோலஸ்டனைட் என்ற கால்சியம் கனிமத்தை ஹெலிகாப்டரில் தூவியிருந்தார்கள். 2003 குளிரில் அந்தப் பகுதி ஸ்ப்ரூஸ் மரங்களுக்குப் பக்கத்துப் பகுதி மரங்களைவிட மிகக் குறைந்த காயம். இது என் வாதத்தையும் கொஞ்சம் சிக்கலாக்குகிறது, மறைக்க விரும்பவில்லை: கால்சியம் தூவியது மண்ணில். மூடுபனி இலையிலிருந்து எடுக்கிறது, அமில மழை பல பத்தாண்டுகளாக மண்ணிலிருந்து எடுத்திருக்கிறது. மரம் இரண்டு பக்கமும் நஷ்டப்பட்டிருக்கிறது. மேகத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாது.

இப்போது மறு கட்சி. அமில மழை என்றதும் பத்திரிகைகளில் வந்த படங்களில் மிட்செல் மலை பிரசித்தம். 2,037 மீட்டர், மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரம். சாம்பல் நிற எலும்புக்கூடுகளாக நிற்கும் மரங்கள், பின்னால் மூடுபனி. மனதை உலுக்கும் படம்தான். ஆனால் அந்த எலும்புக்கூடுகளில் பெரும்பாலானவை ஃப்ரேசர் ஃபிர் மரங்கள். அவற்றைக் கொன்ற முதல் குற்றவாளி அசுவினியின் உறவுக்காரப் பூச்சி ஒன்று. ஐரோப்பாவிலிருந்து வந்தது, 1957இல் அந்த மலையில் கண்டுபிடிக்கப்பட்டது. மாசுபட்ட மேகம் அங்கேயும் இருந்தது, ஸ்ப்ரூஸுக்கு அங்கேயும் சிக்கல் இருந்தது. ஆனால் ஃபிர் பிணத்தைக் காட்டி ஸ்ப்ரூஸ் வழக்கை நடத்தினால், பூச்சி விஷயம் வெளியே வரும் நாளில் வழக்கே தள்ளுபடி ஆகும். அதுதான் நடந்தது.

ஜெர்மனியிலும் இதே கதை, பெரிய அளவில். 1981 நவம்பரில் 'டெர் ஷ்பீகல்' அட்டைப்படக் கட்டுரை, காடு சாகிறது என்று. கோட்டிங்கன் மண்ணியலாளர் பெர்ன்ஹார்ட் உல்ரிஷின் எச்சரிக்கைகள், அதைத் தொடர்ந்து நாடு முழுக்கப் பீதி. நாடு முழுக்கக் காடு சாகவில்லை. ஆனால் "ஆகவே ஒன்றுமே நடக்கவில்லை" என்று சொல்பவர் செக் எல்லையில் உள்ள எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பக்கம் போயிருக்க மாட்டார். பழுப்பு நிலக்கரி எரித்த மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடில் அங்கே ஸ்ப்ரூஸ் காடுகள் மலை மலையாகச் செத்தன. 1995-96 குளிர்காலத்தில் காற்று வாரக்கணக்கில் தேங்கி, மாசுபட்ட மூடுபனி மரங்கள் மேலேயே பனிக்கட்டியாக உறைந்து ஒட்டிக்கொண்டபோது, கடுமையான சேதம் மறுபடியும் வந்தது. கிழக்கு ஐரோப்பா புகையைக் குறைக்கத் தொடங்கிவிட்ட பிறகு நடந்தது இது.

இலையின் மெழுகுப் பூச்சு பற்றி ஒரு வார்த்தை. மாசு பட்ட ஊசிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, மெழுகு உருகிச் சிதைந்துவிட்டது என்று எண்பதுகளில் நிறையப் பேர் எழுதினார்கள். பான் பல்கலைக்கழகத்தின் யூர்கன் புர்க்ஹார்ட் இதற்கு வேறு விளக்கம் தருகிறார்: சிதைந்த மெழுகாகத் தெரிவது மெழுகின் மேல் படிந்த உப்புத் துகள்களாக இருக்கலாம். அந்த உப்பு ஈரத்தை இழுத்து இளகி இலைத்துளை வழியாக மெல்லிய திரி மாதிரி உள்ளே போய், துளை மூடியிருக்கும்போதும் தண்ணீரை வெளியே கசிய விடுகிறது. அப்படியானால் மாசுபட்ட பனியின் பாதிப்பு குளிரில் மட்டும் இல்லை, வறட்சியிலும் தெரிய வேண்டும். இந்த விளக்கத்துக்குக் கிடைக்க வேண்டிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

1990 நவம்பரில் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத் திருத்தம் வந்தது. கந்தகம் வேகமாகக் குறைந்தது, நைட்ரஜன் கொஞ்சம் மெதுவாக. 2000க்குப் பிறகு ரெட் ஸ்ப்ரூஸ் மரங்களின் ஆண்டு வளையங்கள் அகலமாகத் தொடங்கின. மரங்களைத் துளைத்து வளையம் எண்ணிய வெர்மாண்ட் ஆய்வாளர்களும், மேற்கு வர்ஜீனியாவில் வேலை செய்த இன்னொரு குழுவும் 2018இல் எழுதினார்கள்: மாசு குறைந்தது ஒரு காரணம். ஆனால் அது மட்டுமில்லை. வெர்மாண்ட் குழு குளிர்காலம் மிதமானதையும் சேர்க்கிறது, மேற்கு வர்ஜீனியாக் குழு காற்றில் கரியமில வாயு கூடியதையும். "சட்டம் போட்டோம், காடு பிழைத்தது" என்று சொல்பவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

மிதமான குளிர்காலம் ஸ்ப்ரூஸுக்கு இப்போதைக்கு லாபம். ஆனால் இந்த மரத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. ஜனவரியில் நாலைந்து நாள் சூடு வந்து பனி இளகினால், குளிர் தாங்கும் சக்தியில் பல டிகிரியை அவசரப்பட்டு இழந்துவிடும். அடுத்த வாரம் குளிர் திரும்பி வரும்போது அது திரும்பியிருக்காது.